சொல்லும் பூட்டும்: தாம்பரம் முதல் தனுஷ்கோடி வரை ஐந்து நாள்

முதல் நாள்: தாம்பரம் – விழுப்புரம்

34 வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த வருடம் என் அக்கா மகனுக்கும் அதே வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் திருச்சிப் பயிற்சிப் பள்ளிக்குப் போகிறான். போவதற்கு முன்னால் அவனை ஒரு சுற்று கூட்டிப்போகலாம் என்று தோன்றியது. விதிப் புத்தகத்தை அங்கே நன்றாகவே சொல்லித்தருவார்கள். அந்த விதிகள் எந்த ஊரில், எந்த ஆற்றில், எந்தக் கேட்டில் பிறந்தன என்பதை நேரில் போய்ப் பார்த்தால்தான் மனதில் நிற்கும்.

காலையில் தாம்பரத்தில் விழுப்புரம் மெமுவில் ஏறினோம். கார்த்திகை மாதம். கொளவாய் ஏரி கரை தொட்டுக் கிடந்தது. செங்கல்பட்டு தாண்டியதும் பாலாற்றில் தண்ணீர். எல்லோரும் ஆற்றைப் பார்த்தார்கள். நான் அவனிடம் அடுத்த நிலையத்தைப் பார்க்கச் சொன்னேன்.

"என்ன பாக்கணும் மாமா?"

"பிளாட்பாரத்துல யார் நிக்கிறாங்க, கையில என்ன இருக்குன்னு பாரு."

எதிர்த் தடத்தில் ஒரு எக்ஸ்பிரஸ் நிற்காமல் போனது. ஸ்டேஷன் மாஸ்டர் வெளியே வந்து பச்சைக் கொடியோடு நின்றார். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், தடம் மாற்றிவிடும் ஊழியரான பாயிண்ட்ஸ்மேன். வண்டியின் கடைசியில் கார்டு கை நீட்டிப் பச்சை காட்டினார். இப்போது அவருக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர். என் வாயில் இன்னும் கார்டுதான் வருகிறது.

பயணிகளுக்கு இது ஒரு மரியாதை மாதிரி தெரியும். உண்மையில் அது சோதனை. சக்கரத்தில் பொறி பறக்கிறதா, அடியில் எதுவும் தொங்கிக்கொண்டு போகிறதா, பிரேக் பிடித்தபடியே இழுபடுகிறதா, கடைசிப் பெட்டியில் அதற்கான அடையாளம் இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் இரண்டு பேர் பார்க்கிறார்கள். கடைசிப் பெட்டியின் அடையாளம் இல்லையென்றால் பாதி வண்டி எங்கேயோ நிற்கிறது என்று அர்த்தம். அப்படியிருக்க அடுத்த வண்டிக்கு எப்படி வழி விடுவது?

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கூட்ஸ் வண்டிகளில் பழைய மாதிரி அச்சுகள் நிறைய. எண்ணெயில் ஊறிய பஞ்சை அடைத்திருப்பார்கள். அச்சு சூடேறினால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் மூக்குக்குத் தெரியும். கருகிய பஞ்சும் எண்ணெயும் கலந்த அந்த நாற்றம் இருட்டில் ஒரு வண்டி கடந்துபோன பிறகும் பிளாட்பாரத்தில் தங்கும். அதை உணர்ந்த உடனே அடுத்த நிலையத்துக்கு போன் அடித்து "வண்டியை நிறுத்துங்க" என்று சொல்லவேண்டும். உருளை பேரிங் வந்த பிறகு அது குறைந்துவிட்டது. ஆனால் வெளியே வந்து நிற்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது. மழையானாலும் வெயிலானாலும் நாற்காலியை விட்டு எழுந்து வரவேண்டும்.

விழுப்புரம் வரைக்கும் அவன் எண்ணிக்கொண்டே வந்தான். மூன்று வண்டிகள் எங்களைக் கடந்தன. மூன்றுக்கும் ஆள் நின்றார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

இரண்டாம் நாள்: விழுப்புரம் – மயிலாடுதுறை

காலை பாசஞ்சர். இது ஒற்றைத் தடம். எதிரும் புதிருமாக வரும் வண்டிகளுக்கு ஒரே தண்டவாளம் என்பதால், இரண்டு நிலையங்களுக்கு இடையில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். அதை உறுதி செய்வதுதான் எங்கள் வேலையின் உயிர்.

அந்தக் காலத்து டோக்கன் கருவியைப் பற்றி அவனுக்குச் சொன்னேன். இரண்டு நிலையங்களிலும் ஒவ்வொரு இரும்புப் பெட்டி. உள்ளே எஃகு உருண்டைகள். இரண்டு பெட்டிகளும் கம்பியால் இணைந்தவை. அடுத்த நிலையத்துக்காரர் சம்மதம் கொடுத்தால்தான் இங்கே ஒரு உருண்டை வெளியே வரும். அது வெளியே இருக்கும்வரை இரண்டு பெட்டிகளிலிருந்தும் வேறு உருண்டை வராது. அதைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் கட்டி டிரைவர் கையில் கொடுப்போம். உருண்டை கையில் இல்லாமல் வண்டி கிளம்பாது. அந்தப் பெட்டி, ஒரு மனிதனின் சொல்லுக்குப் போட்ட பூட்டு. நான் மறதியில் தப்பாகச் சொன்னாலும் பெட்டி ஒத்துக்கொள்ளாது.

கடலூர் துறைமுகம் தாண்டியதும் எங்கள் பேச்சு நின்றது. ஆலப்பாக்கத்துக்கு முன்னால் செம்மங்குப்பம். 2025 ஜூலை 8 காலையில் இதே தடத்தில், இதே மாதிரி ஒரு பாசஞ்சர் வரும்போது பள்ளி வேன் ஒன்று கேட்டைக் கடந்தது. 3 பிள்ளைகள் இறந்துபோனார்கள். வண்டி அந்த இடத்தைத் தாண்ட சில நொடிகள்தான் ஆனது. ஒரு பெண்மணி ஜன்னல் வழியே கைகூப்பினார்.

அது இன்டர்லாக்கிங் இல்லாத கேட். அதென்ன என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இன்டர்லாக்கிங் உள்ள கேட்டில், கேட்டை மூடிப் பூட்டினால்தான் ரயிலுக்கான சிக்னல் பச்சையாகும். திறந்திருந்தால் சிக்னல் சிவப்பிலேயே நிற்கும். ஸ்டேஷன் மாஸ்டர் நினைத்தாலும் மாற்ற முடியாது. இன்டர்லாக்கிங் இல்லாத கேட்டில் அந்தப் பிணைப்பு கிடையாது. இருப்பது ஒரு போன் மட்டும்தான். ஸ்டேஷன் மாஸ்டர் கேட் கீப்பரை அழைத்து இன்ன வண்டி வருகிறது என்று சொல்வார். அவர் போய்க் கேட்டை மூடிவிட்டு வந்து ஒரு பிரைவேட் நம்பர் கொடுப்பார். அது இரண்டு இலக்க எண். அச்சடித்த தாளில் வரிசையில்லாமல் இருக்கும். ஒன்றைக் கொடுத்ததும் அதை அடித்துவிடவேண்டும். அந்த எண்ணுக்கு "மூடிவிட்டேன், என் கையால் மூடினேன்" என்று பொருள். அதை எழுதிக்கொண்ட பிறகுதான் ஸ்டேஷன் மாஸ்டர் சிக்னல் கொடுப்பார்.

"அப்ப மூடாமலே நம்பர் கொடுத்தா?" என்றான்.

அந்தக் கேள்விக்குப் பதிலாக என் கதையைச் சொன்னேன். வேலையில் சேர்ந்து நான்கைந்து வருடம் ஆகியிருக்கும். சின்ன நிலையம், இரவுப் பணி. விடியற்காலை மூன்று மணி வாக்கில் ஒரு கேட்டுக்கு போன் செய்தேன். நான் வண்டி பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் எண் வந்துவிட்டது. நானும் எழுதிவிட்டேன். கை லீவர் மேல் போன பிறகுதான் உறைத்தது. போய் மூடிவிட்டு வர இரண்டு நிமிடமாவது ஆகுமே, இவர் எழுந்தே போகவில்லையே! திரும்பக் கூப்பிட்டேன். "அண்ணே, கேட்டை மூடி, கை வெச்சுப் பாத்தீங்களா?" பதில் இல்லை. போனைக் கீழே வைத்துவிட்டு ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. நான் சிக்னல் கொடுக்கவில்லை. திரும்பி வந்தவர் மூச்சு வாங்கிக்கொண்டே, கரும்பு டிராக்டர் ஒன்று தண்டவாளத்துக்கு நடுவில் சக்கரம் மாட்டி நிற்கிறது என்றார். அன்றைக்கு எக்ஸ்பிரஸ், நிலையத்துக்குள் நுழைய அனுமதிக்கும் ஹோம் சிக்னலுக்கு வெளியே நாற்பது நிமிடம் நின்றது.

அவர் கெட்டவர் இல்லை. தொடர் இரவுப் பணியில் துவண்டுபோன மனிதர். பல மாதம் ஒழுங்காக நடந்த வேலையில் வாய் முந்திக்கொண்டது, கால் பின்தங்கிவிட்டது. பணிநேரத்தைக் குறைக்காமல், கேட்டைப் பிணைக்காமல், ஒரு ஆளின் கண்விழிப்பை மட்டும் நம்பி ரயிலை விடுவது தவறு. இதைச் சர்வீஸில் இருந்தபோதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். செம்மங்குப்பத்துக்குப் பிறகு இன்டர்லாக்கிங் செய்யும் வேலையை வேகப்படுத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு கேட்டும் முடியும் வரை எனக்கு மனம் ஆறாது.

மயிலாடுதுறையில் டீ குடிக்கும்போது அவன் கேட்டான்: "பூட்டு போட்டாச்சுன்னா பயமில்லைதானே மாமா?" அதற்கும் ஒரு பதில் இருக்கிறது, வலி மிகுந்த பதில். 2023 ஜூன் 2. சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு ஒடிசாவின் பஹானகா பஜார் நிலையத்தில் மெயின் லைனுக்குப் பச்சை சிக்னல். வண்டியைத் தடம் மாற்றும் பாயிண்ட் மட்டும் பக்கத்துத் தடமான லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. மணிக்கு 128 கிலோமீட்டர் வேகத்தில் போய் நின்றுகொண்டிருந்த கூட்ஸ் வண்டியில் மோதியது. 290க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரு லெவல் கிராசிங் தடுப்பை மாற்றும் வேலைக்காகவும் அதற்கு முன்னாலும் செய்த வயரிங் மாற்றங்களில் நடந்த தவறுகள்தான் காரணம் என்று பாதுகாப்பு ஆணையரின் விசாரணை சொன்னது.

அதாவது பூட்டைத் திறந்து ரிப்பேர் செய்கிற அந்த நேரத்தில் மறுபடியும் மனிதனின் சொல்தான். இதற்கென்றே டி 351 என்று ஒரு படிவம் இருக்கிறது. சிக்னல் பிரிவு ஊழியர் இன்ன கருவியைத் துண்டிக்கிறேன் என்று எழுதிக்கொடுப்பார். வேலை முடிந்ததும் இணைத்துவிட்டேன் என்று எழுதிக்கொடுப்பார். அந்த இரண்டாவது தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பாயிண்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்கவேண்டும். சிக்னல் காட்டுவதும் பாயிண்ட் கிடப்பதும் ஒன்றுதானா என்று ஆளை அனுப்பி, கண்ணால் பார்த்துச் சொல்லச் சொல்லவேண்டும். வண்டி காத்திருக்கும், மேலிருந்து போன் மேல் போன் வரும். வரட்டும். வண்டியைத் தானாக நிறுத்தும் கவச் பாதுகாப்புக் கருவி எல்லாத் தடங்களிலும் வரவேண்டும் என்பதுதான் என் ஆசை. சிவப்பைத் தாண்டும் வண்டியை அது நிறுத்திவிடும். ஆனால் சிக்னலே பொய் சொன்னால் கவசும் அந்தப் பொய்யைத்தான் நம்பும்.

அவன் டீயை ஆறவிட்டுவிட்டான். வேறு டீ வாங்கிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள்: திருச்சி – அரியலூர்

நேற்று இரவே தஞ்சாவூர் வழியாகத் திருச்சி வந்து தங்கினோம். காலையில் வடக்கு நோக்கிப் போகும் பாசஞ்சரில் அரியலூர். மெல்லிய தூறல்.

மருதையாற்றுப் பாலத்தை வண்டியிலிருந்து பார்த்தோம். அரியலூரில் இறங்கி ஒரு ஆட்டோ பிடித்து ஆற்றங்கரை வரை போய் மறுபடி பார்த்தோம். தண்டவாளத்தில் கால் வைக்கவில்லை. ஓய்வு பெற்றவனுக்கும் அங்கே வேலையில்லை.

1956 நவம்பர் 23, விடியற்காலை ஐந்தரை மணி சுமார். சென்னையிலிருந்து கிளம்பிய தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூர் தாண்டி கல்லகம் நோக்கி வந்துகொண்டிருந்தது. அப்போது மீட்டர் கேஜ், நீராவி எஞ்சின். நாள் கணக்கில் பெய்த மழையில் ஆற்று வெள்ளம் பாலத்தை ஒட்டிய மண்கரையை அரித்துவிட்டிருந்தது. எஞ்சினும் ஏழு பெட்டிகளும் ஆற்றுக்குள் போயின. சுமார் 150 பேர் இறந்தார்கள். அதே வருடம் சில மாதங்களுக்கு முன்னால்தான் மஹபூப்நகரில் பாலம் உடைந்து நூறு பேருக்கு மேல் போனார்கள். அப்போதே ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா கொடுத்தார், நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு கொடுத்ததை ஏற்றுக்கொண்டார்.

சாஸ்திரியின் ராஜினாமாவை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். எனக்கு இங்கே வந்தால் வேறு ஆள் நினைவுக்கு வருவார். மழைக்கால ரோந்துக்காரர். இரவு முழுக்கத் தண்டவாளத்தில் நடக்கிற மனிதர். கையில் விளக்கு, சிவப்புக் கொடி, பட்டாசு. இந்தப் பட்டாசு வட்டமான தகர டப்பா. தண்டவாளத்தில் கட்டிவைத்தால் எஞ்சின் சக்கரம் ஏறும்போது வெடிக்கும். அவருக்கு ஒரு பகுதி, அடுத்தவருக்கு அடுத்த பகுதி. நடுவில் சந்தித்துப் புத்தகத்தை மாற்றிக்கொண்டு திரும்புவார்கள். அந்தப் புத்தகம் ஊர் ஊராகக் கைமாறிப் போகும். வராமல் நின்றால் அந்தப் பகுதியில் ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். ரோந்துக்காரர் குறித்த நேரத்துக்கு வரவில்லை என்றால் ஸ்டேஷன் மாஸ்டர் வண்டியை நிறுத்தி, எச்சரிக்கைத் தாள் கொடுத்து, மெதுவாகத்தான் அனுப்பவேண்டும். பாலத்தூண்களில் அபாய அளவுக் கோடு போட்டிருக்கிறதே, தண்ணீர் அதைத் தொடுகிறதா என்று பார்ப்பதும் அவர்தான். இருட்டில், மழையில், தனியாக, பாம்புக்கும் பயந்துகொண்டு.

தண்டவாளம் உடைந்திருக்கிறது என்று தெரிந்தால் அவர் வண்டி வரும் திசையில் ஓடவேண்டும். அகலப் பாதையில் 600 மீட்டரில் ஒரு பட்டாசு. 1200 மீட்டரில் பத்து மீட்டர் இடைவெளி விட்டு மூன்று. முழு வேகத்தில் வரும் வண்டி கூப்பிடு தூரத்தில் நின்றுவிடாது. அந்தத் தூரம் முழுவதையும் சரளைக்கல்லின் மேல் கொட்டும் மழையில் ஓடிக் கடப்பதை நினைத்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் ஒன்று எழுதவேண்டும். பல வருடமாக எழுதாமல் வைத்திருந்தது.

எங்கள் பகுதியில் வயதான கீமேன் ஒருவர் இருந்தார். தினமும் தன் பகுதி முழுக்க நடந்து, தண்டவாளத்தைப் பிடித்து வைக்கும் இரும்புச் சாவிகள் கழன்றிருந்தால் தட்டி இறுக்குகிறவர். நடுவில் தண்ணீர் குடிக்க என் நிலையத்துக்கு வருவார். ஒரு மார்கழிக் காலையில் சிவப்புக் கொடி காட்டி ஒரு எக்ஸ்பிரஸை நிறுத்திவிட்டார். குளிரில் தண்டவாளம் சுருங்கும், விரிசல் விடுகிற நேரம் அதுதான். வெல்டிங் பக்கத்தில் ஒரு கோடு தெரிந்தது என்றார். போய்த் துடைத்துப் பார்த்தால் மசிக் கறை. வண்டி இருபத்தைந்து நிமிடம் தாமதம். மேலிருந்து என்னைக் கடிந்தார்கள். நான் அந்தக் கோபத்தை அப்படியே அவர் மேல் இறக்கினேன், நாலு பேர் முன்னால். "கண்ணு தெரியலன்னா வீட்டுக்குப் போங்க" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. "சரிங்க சார்" என்று சுத்தியலைத் தோளில் வைத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு தண்ணீர் குடிக்க என் நிலையத்துக்கு வரவில்லை.

அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. சந்தேகம் வந்தால் நிறுத்து என்பதுதான் விதி. உறுதியானால் நிறுத்து என்று எங்கேயும் எழுதவில்லை. என் பேச்சைக் கேட்ட அந்த நாலு பேரில் இரண்டு பேர் இளவயதுக் கேங்மேன்கள். அடுத்த தடவை ஒரு கோட்டைப் பார்த்தால் அவர்கள் கொடியை எடுப்பார்களா, யோசிப்பார்களா? அந்தக் கேள்வி பல இரவுகள் என்னைத் தூங்கவிடவில்லை. அவர் ஓய்வு பெறும் நாளில் போய் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார், டூட்டியில வர்றதுதான்" என்றார்.

அக்கா மகனிடம் இதைச் சொன்னபோது அவன் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். தூறல் வலுத்தது. ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்தார்.

நான்காம் நாள்: திருச்சி – ராமேஸ்வரம்

புதுக்கோட்டை, காரைக்குடி, மானாமதுரை. வழியெல்லாம் நன்றாகத் தூங்கினேன். மண்டபத்தில் அவன் எழுப்பினான்.

பாம்பன். 1914 பிப்ரவரி 24இல் திறந்த பழைய பாலம் வலுவிழந்து 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்திக்கொண்டது. பக்கத்தில் புதிய பாலம், 2025 ஏப்ரல் 6இல் திறந்தது. பழையதில் கப்பல் போக, நடுவில் இரண்டு கைகள் மாதிரி பிளந்து மேலே எழும். ஆட்கள் கையால் சுற்றித் திறப்பார்கள். புதியதில் 72 மீட்டர் நீளத் துண்டு அப்படியே படுக்கைவாட்டில் 17 மீட்டர் மேலே போகிறது. பழைய பாலத்தில் கடைசிக் காலத்தில் நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் போவோம். இப்போது வண்டி ஓடுகிறது. கடல் இரண்டு பக்கமும் பச்சையாக விரிந்தது, பிள்ளைகள் கத்தினார்கள். நானும் கதவோரம் போய்ப் பார்த்தேன், எத்தனை முறை வந்தாலும் அந்த ஆசை போகாது.

பழைய பாலத்தில் எனக்குப் பிடித்தது காற்றுமானி. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகிவிடும். "இன்னிக்குக் கொஞ்சம் அதிகம்தான், பரவாயில்ல, போயிடலாம்" என்று யாரும் தீர்மானிக்க முடியாது. காற்றைப் பார்த்து வண்டியை நிறுத்தும் அந்த ஏற்பாடு புதிய பாலத்திலும் தொடர்கிறது.

1964 புயலில் பழைய பாலத்தின் 145 கர்டர்களில், அதாவது இரும்பு உத்தரங்களில், 126 அடித்துக்கொண்டு போயின. திறக்கும் நடுப்பகுதி மட்டும் அசையாமல் நின்றது. சீரமைக்க அனுப்பப்பட்ட இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன், கடலுக்குள் கிடந்த கர்டர்களைத் தேடி எடுத்து மறுபடி ஏற்றி 46 நாளில் வேலையை முடித்தார். அந்த வேலையில் கடலில் இறங்கிய மீனவர்களையும் கலாசிகளையும் இந்தப் பாலத்தைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

ஐந்தாம் நாள்: தனுஷ்கோடி, திரும்பும் வண்டி

காலையில் பஸ்ஸில் தனுஷ்கோடி. இடிந்த சர்ச், ரயில் நிலையத்தின் மிச்சச் சுவர்கள், மணல். எழும்பூரிலிருந்து போட் மெயில் இங்கே வந்து, இங்கிருந்து கப்பலில் தலைமன்னார் போன காலத்தை இப்போது கற்பனைதான் செய்யவேண்டும்.

1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் தனுஷ்கோடியை நெருங்கியது. சிக்னல் எரியவில்லை. வண்டி நின்று காத்திருந்து, நீளமாக ஊதிவிட்டு மெதுவாக நகர்ந்தது என்று சொல்வார்கள். பிறகு அலை வந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், ஒருவரும் பிழைக்கவில்லை.

"எரியாத சிக்னல் சிவப்புதானே மாமா?" என்றான். புத்தகத்தை இப்போதே படிக்க ஆரம்பித்துவிட்டான் போல.

"ஆமா. சிவப்புதான்."

ஆனால் அந்த டிரைவரைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்ல எனக்கு நாக்கு எழாது. கம்பிகள் அறுந்துபோன இரவு. முன்னாலும் யாருடைய குரலும் இல்லை, பின்னாலும் இல்லை. நின்ற இடத்திலும் கடல், போகிற இடத்திலும் கடல். நின்றிருந்தாலும் தப்பியிருப்பார்களா என்று எவராலும் சொல்ல முடியாது. சொல்லும் அறுந்து பூட்டும் செத்துப்போன ஒரு இடத்தில் அந்த மனிதரைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது அந்த இரவு. நிலையத்துச் சுவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றோம்.

மாலை ராமேஸ்வரத்தில் ஏறினோம். மழை இல்லை, காற்று மட்டும் பலமாக இருந்தது. பாம்பன் நிலையத்தில் வண்டி நின்றது. பத்து நிமிடம், இருபது நிமிடம். எதிர் சீட்டில் ஒரு குடும்பம், மதுரையில் வேறு வண்டி பிடிக்கவேண்டுமாம். அந்தப் பெரியவர் வாட்சைப் பார்த்துப் பார்த்து, "எதுக்குத்தான் இப்படிப் போட்டு வெக்கிறாங்களோ" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் அக்கா மகன் சொன்னான்: "பாலத்துல காத்து ஜாஸ்தியா இருக்குங்க ஐயா. அடங்கினதும் விடுவாங்க. மதுரை வண்டி போயிட்டா அடுத்தது எப்பன்னு பாத்துச் சொல்றேன்." போனை எடுத்து அட்டவணையைத் தேட ஆரம்பித்தான்.

37 நிமிடம் கழித்து சிக்னல் மஞ்சளானது. பிளாட்பாரத்தில் பாயிண்ட்ஸ்மேன் படபடக்கும் கொடியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார், கடைசிப் பெட்டி கடக்கும் வரை.